ஒரு பவுண்டு மஹர்

ஒம்துர்மான் வங்கியில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன்
நோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான்.
"இது செல்லாதும்மா.
புதுசு வந்துட்டா பழசு ரத்து."

மாற்றுவதற்காக வரவில்லை நான்.
மின்கட்டணப் பணத்தோடு
ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

என் மஹர் அது. ஒற்றைப் பவுண்டு.
ஒரு கூடை வெங்காயத்துக்கா பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று
பெரியம்மா பதூர்
நிக்காஹ் விருந்தில் கைநனைக்கவில்லை.
மணவிலக்கு உரிமை எனக்கும் உண்டென்று
ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னபோது
காஜியாரின் பேனாவில் மை வற்றிவிட்டது.
முபாரக்தான் தன் பேனாவை நீட்டினான்.

நாங்கள் அப்படித்தான் ஓதினோம்:
மதீனத்து ஆயத்து
மக்கத்து ஆயத்தை அழிக்கவில்லை.
மனிதன் பக்குவப்படட்டுமென்று
தள்ளிவைத்திருக்கிறது, அவ்வளவே.
வெள்ளைத் தோப் போர்த்திப் பேருந்து நிலையத்தில்
இதைச் சொல்லித்தான் கைப்பிரதி விற்றோம்.
சில்லறை விழுந்தது. கல்லும் விழுந்தது.
ஒரு கல் நிஃமாத்தின் பல்லை எடுத்தது.

பிறகு சிறை.
நாற்பதாம் நாள்
'மனம் திரும்பினேன்' என்று கையெழுத்திட்டு
வீடு வந்தான் முபாரக்.
சட்டைப் பையில் அதே பேனா.

உரிமை இருந்தது என்னிடம், எழுத்தில்.
அன்றிரவு கிஸ்ரா சுட்டேன்.
அவன் சாப்பிட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினாறு வருடமாகப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"கிழிச்சுப் போட்டுடவா?"

கொடு தம்பி, என்றேன்.

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
மின்கட்டணத்தைப்
புது நோட்டில் எண்ணி வைத்தேன்.