ஆடி மாதத்து எழுத்துகள்

ஆடி பிறந்து ஐந்தாம் நாள்.
கல்யாணக் கார்டு ஒன்றும் இல்லை.
மருதானை அச்சகத்தில் ஜவ்பர் நானா
மெஷினுக்குப் பெட்ஷீற் போர்த்திவிட்டதாகச் சொன்னார்,
பிள்ளையைப் படுக்கவைத்தவர்போல மெதுவாக.
"கல்வெட்டு ஏதும் வந்தால் எடுக்கிறேன், தங்கச்சி."
யாராவது சாகவேண்டும் என்று
நாங்கள் இரண்டுபேரும் நினைக்கவில்லை.
கரண்ட் பில் நினைத்தது.

முதல் கிழமை நடித்தேன்.
எட்டரைக்குத் தலைசீவி மேசைக்கு வந்து
வராத மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன்.
பத்து மணித் தேநீரை
வேலைக்கு நடுவில் குடிப்பவள்போல அவசரமாகக் குடித்தேன்.
பார்க்க ஆளில்லை.
தெஹிவளைப் பக்கம் போகிற ரெயில் மட்டும்
யன்னலை ஒருதரம் அதிரவைத்துவிட்டுப் போனது.

பிறகு, தரவேண்டியவர்களுக்கு எழுதினேன்.
சித்திரையில் முடித்த வேலை,
மூன்று பேர், மூன்று விதமான மரியாதை.
ஒருவர் பாதி அனுப்பினார்.
ஒருவர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.
புறக்கோட்டைச் சாறிக்கடைக்காரர் நேரே வரச்சொன்னார்;
போனேன்,
கழிவு விலையில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோப்புகளைத் துப்புரவாக்கினேன்.
"கடைசி."
"கடைசி சரியானது."
"இதுதான் கடைசி."
"மாமா திருத்தியது."
"மாமாவுக்குத் தெரியாமல் திரும்பத் திருத்தியது."
அந்த மணமகளுக்கு இப்போது இரண்டு பிள்ளை.
மாமாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன்.

மூன்றாம் கிழமை
வீட்டுக்குள் இருக்க முடியாமல்
கொப்பியோடு காலி வீதிக்கு இறங்கினேன்.

பஸ் தரிப்பிடத்தில்
"வரிசையில் விற்கவும்" என்றிருந்தது.
எதை என்று எழுதவில்லை.
கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்று
பலகையில் ஒழுக்கை ஆகியிருந்தது.
முதல்நாள் மழையில் அதற்குள் நடந்தவள் நான்,
பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.
சிங்களம் வடிவாக வளைந்திருந்தது.
ஆங்கிலம் நிமிர்ந்து நின்றது.
மூன்றாவது வரிக்கு வரும்போது
பெயின்டருக்குப் பசி வந்திருக்கும்.

ஒவ்வொன்றையும் கொப்பியில் சரியாக வரைந்தேன்,
அதே அளவுப் பலகைக்குள், அதே நீலத்தில்.
யாரும் கேட்கவில்லை.
விலைப்பட்டியல் எழுத ஒரு பெயர்கூட இல்லை.

என்ன குறிக்கிறாய் என்று
ட்ரஃபிக் கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்தார்.
ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு
அடையாள அட்டைதான் பதில் சொல்லும்.
கை தானாகப் பைக்குள் போனது;
வெளியே வந்தபோது பென்சில் இருந்தது.
அவர் பெயர் பியசிறி. தமிழில் எழுதிக் கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்து
நல்லாயிருக்கு என்றார்.

இப்போது இரவில் ஓர் எழுத்துரு வரைகிறேன்.
இருநூற்று நாற்பத்தேழும்.
ககரத்துக்கு இரண்டு நாள்.
ழகரத்தின் வாலை ஆறுதரம் வெட்டினேன்,
ஏழாம்தரம் அது தானாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.
நேற்று வந்தது ஙௌ.

எந்தச் சொல்லிலும் வராது.
எந்தக் கார்டும் கேட்காது.
அந்த எழுத்தில் தொடங்கும் மாப்பிள்ளை
இந்த உலகத்தில் இல்லை.
ஆனாலும் அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடந்தால்
எழுத்துரு எழுத்துரு ஆகாது.
விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது.
ஆவணி முதல் முகூர்த்தமாம்.
தங்க எழுத்தாம்.
போன வருஷம் அக்காவுக்குச் செய்ததுபோலவேயாம்.
நாளைக்கே வேணுமாம்.

"நாளைக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை," என்றேன்.
என் வாயிலிருந்துதான் வந்தது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை,
யாரோ யாரிடமோ கேட்டார்கள்,
பின்னால் குக்கர் விசில் அடித்தது.
"சரி, வெள்ளி. ஆனால் முற்பணம் இப்ப தரமாட்டம்."
"அப்ப சனி," என்றேன்.

ஙௌவின் கொம்பு
இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தது.
நிமிர்த்தினேன்.