வெற்றெடை

செம்பனைக் குலையோடு லாரி ஒருமுறை ஏறும்.
கொட்டிவிட்டு வெறும் லாரியாய் மறுமுறை ஏறும்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் சரக்கு.
லாபிஸ் பக்கத்து ஆலையின் எடைமேடையில்
பதினேழு வருஷமாய் இந்த ஒரே கணக்குதான்.

மாலையில் எஸ்டேட் காளியம்மன் கோயிலில் பொருளாளர்.
அர்ச்சனைச் சீட்டு மூன்று ரிங்கிட்.
உங்கள் பெயர், உங்கள் நட்சத்திரம்,
உங்கள் மகளின் எஸ்பிஎம் பரீட்சை
எல்லாம் என் கையெழுத்தில்தான்
அம்மன் முன்னால் போகும்.
ஊரில் என்னைப் பக்திமான் என்பார்கள்.
நானும் மறுத்ததில்லை.

முதலில் வீட்டுச் சாமி மேடையின் சிவப்பு பல்பு அணைந்தது.
விளக்கேற்ற நேரமில்லையென்று நானே மாட்டியது.
எண்ணெய் கேட்காது, திரி கேட்காது,
என்னையும் கேட்காது.
எப்போது அணைந்ததென்று எனக்கும் தெரியவில்லை,
தவமலருக்கும் தெரியவில்லை.
தீபாவளிக்கு முன்பா பின்பா என்று
கொஞ்ச நேரம் வாதாடினோம்.
பிறகு டிவி பார்த்தோம்.

கிண்ணத்தில் திருநீறு கல்லாய் இறுகியிருந்தது.
நகத்தால் சுரண்டி இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பூசாரி மணியடித்தால் எரிச்சல் வந்தது.
சில்லறை எண்ணும்போது கணக்குத் தப்புகிறதாம் எனக்கு.
"ஐயா, கொஞ்சம் மெதுவா" என்றேன்,
கருவறையைப் பார்த்து!

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.
இடி இறங்கி மின்சாரம் போனது.
ஒலிபெருக்கி செத்தது,
தினமும் நமக்காகப் பாடும் பென்டிரைவும் செத்தது.
திரை விலகிவிட்டது. முப்பது பேர் கைகூப்பி இருட்டில்.
"அண்ணே, நீங்க ரெண்டு வரி பாடுங்களேன்."

வாயைத் திறந்தேன்.
முதல் வரி வந்தது.
இரண்டாவது வரி இருக்க வேண்டிய இடத்தில்
போன மாத மின்கட்டணம் இருந்தது:
இருநூற்றுப் பதினான்கு ரிங்கிட் அறுபது சென்.

வடிகாலில் ஒரு தவளை மட்டும் விடாமல் கத்தியது.
எதிரே அங்கம்மா,
உரம் போட்டுக் காய்த்த கைகளைக் குவித்தபடி
கண் திறக்காமல் நின்றார்.
அவர் என் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை என்பது
கொஞ்சம் தாமதமாய்த்தான் புரிந்தது.

மின்சாரம் வந்தது. பென்டிரைவ் பாடியது.
"பயந்துட்டீங்களா அண்ணே" என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன்.
சரக்கென்று நினைத்ததெல்லாம்
லாரியின் எடைதானா?

ஐந்தரைக்குக் கோயில் சாவியை எடுத்தேன்.
ரசீதுப் புத்தகத்தை எடுக்கவில்லை.

கற்பூர டப்பா காலி.
யாரும் திருடவில்லை.
நான் சரியாய் மூடாத மூடி வழியே
கொளுத்தாத கற்பூரம் தானாகவே போயிருந்தது.
கொளுத்தினாலும் போவது, கொளுத்தாவிட்டாலும் போவது.
வாசனை மட்டும் உள்ளே இருந்து என் முகத்தில் அடித்தது.

அடியில் ஒட்டியிருந்த துணுக்கைக் கிள்ளித் தட்டில் வைத்து ஏற்றினேன்.
பாட்டு நினைவுக்கு வரவில்லை.
கேட்கவும் ஒன்றும் தோன்றவில்லை.
தூரத்தில் மேற்குப் பிரிவுக்காரர்களுக்குப் பெரட்டு நடந்துகொண்டிருந்தது,
பேர் விழ, பதில் விழ.
என் பேரை யாரும் வாசிக்கவில்லை.
"இருக்கேன்" என்றேன்.

அது எரிந்து முடிய அரை நிமிடம் கூட ஆகவில்லை.
அணைவதற்குள் ஒற்றிக்கொள்ளப் போய்க்
கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன்.
கண்ணை எதற்குத் துடைத்தேனென்று
புகையிடம்தான் கேட்க வேண்டும்.

ஆலைக்கு ஒன்பது நிமிடம் தாமதம்.
வரிசையில் மூன்று லாரி, முதலில் நின்ற ரஹீம் ஹாரனை அமுக்கினான்.
எண்ணை வாங்கி எழுதினேன்.
பேனா பிடித்த விரல் எரிந்தது, பரவாயில்லை.

சாயங்காலம் கடைக்குப் போக வேண்டும்.
திரி ஒரு கட்டு,
நல்லெண்ணெய் சின்னப் போத்தல்.

மறக்காமல்,
இதற்கு வவுச்சர் போடக் கூடாது.