இன்வாய்ஸ்

முப்பத்தோரு வருசம்
நெல்லை–பாபநாசம் வண்டியில் கண்டக்டர் நான்.
ஸ்டேஜ் மாறும்போதெல்லாம்
இன்வாய்ஸில் டிக்கெட் நம்பரைக் குறித்துவிடுவேன்.
பேட்டை, சேரன்மாதேவி, வீரவநல்லூர்,
கல்லிடை, அம்பை, வி.கே.புரம்.
செக்கிங் எங்கே ஏறினாலும்
அந்த இடம்வரை கணக்கு முடிந்திருக்கும்.
ராத்திரி டிப்போவில் பையைக் கவிழ்த்து
சில்லறையை அடுக்கி
பன்னிரண்டு ரூபாய் குறைந்தால்
சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்த பிறகுதான்
கையெழுத்து.

என் வீட்டுப் பணம் எந்த ஸ்டேஜில் நிற்கிறதென்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

செட்டில்மெண்ட்
ஒன்றே முக்கால் வருசம் இழுத்தடித்து
ஒரு புதன்கிழமை மத்தியானம் விழுந்தது.
வியாழன் காலையில் மச்சினன் வந்தான்:
தாழையூத்துக்கு அங்கிட்டு பிளாட், கார்னர்,
நாளைக்கே அட்வான்ஸ் போடணும்.
சாயங்காலம் பெரிய மருமகன்.
எதுவும் கேட்கவில்லை,
டீயை மட்டும் ரொம்ப நேரம் குடித்தார்.
பேங்கில் டை கட்டிய பையன்
உட்காருங்க சார் என்றான்.
இத்தனை வருசமாய் அந்த பேங்கில்
நான் நின்றுதான் இருக்கிறேன்.

முருகன்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை மாடி.
பியூலா என்று பெயர்,
என் மூத்தவளைவிட நாலு வயசு சின்னவள்.
"நான் எதையும் விக்கிறதில்ல அண்ணாச்சி,
கமிஷன் கிடையாது. என் கூலி மூவாயிரம்."
"நம்ம துட்டைப் பத்திக் கேக்க
நாம எதுக்குத் துட்டு குடுக்கணும்?"
உலகம்மை என் காதில் கேட்டாள்,
அறைக்கே கேட்கிற மாதிரி.
எனக்கு அது புரிந்தது.
டிக்கெட் எடுக்காதவனுக்கு
சீட் கேட்க வாயில்லை.

எதில் போடலாம் என்று சொல்வாள் எனப் போனேன்.
அவளோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.
சுகர் எத்தனை வருசமா?
உங்க அம்மா எந்த வயசுவரை இருந்தாங்க?
அக்காவுக்கு உங்களைவிட எத்தனை வயசு கம்மி?
கடைசியில் உலகம்மைக்கு
எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டாள்.
சாவுக்குக்கூட ஒரு ஸ்டேஜ் போட்டாகிவிட்டது.

பிறகு அந்தத் தாளில் ஒரு கட்டம்:
வேறு கடன், ஜாமீன்.
தலையைக் குனிந்தபடி பேனாவோடு காத்திருந்தாள்.
ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு
நான் இறங்கியதே இல்லை.
"டிரைவர் முப்பிடாதிக்கு
சொசைட்டி லோன்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்.
அவன் கட்டல. ரெண்டு லட்சத்துப் பத்து."
ஏழு வருசம் வீட்டில் சொல்லாதது.
மாடி ஃபேன் மட்டும் சுற்றியது.

உலகம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.
"தெரியும்.
அவன் பெண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா."

பியூலா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
முதலில் அதை அடைக்கச் சொன்னாள்,
பிறகு அடகு நகையை.
எட்டு மாசச் செலவைக் கைக்கெட்டும் தூரத்தில்.
தபாலாபீஸில் போட நான் வேண்டாம்,
நீங்களே போகலாம் என்றாள்.
எப்போது வந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.
"மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு
அடகுக்கடைக்குப் போனீங்களே,
அதுக்கு முந்தின நாள்."
"அப்ப கையில காசே இல்லம்மா."
"அதுக்குத்தான் அண்ணாச்சி."

இனி ஆறு மாசம் கழித்து வந்தால் போதுமாம்.
நடுவில் யாராவது அவசரப்படுத்தினால்
அன்றைக்கே வர வேண்டுமாம்.

வீட்டு வாசலில் மச்சினன்,
ஸ்கூட்டரை அணைக்காமல்,
பிளாட் படத்தை விரித்தபடி.
"என்ன மச்சான், முடிச்சிருவமா?"
இந்தப் பதிலுக்கு இத்தனை நாள்
என்னிடம் ஆளில்லை.
"கேட்டுட்டுச் சொல்லுதேன்."
"யார்ட்ட?"

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.
உலகம்மை உள்ளே போய்
காப்பிக்குப் பால் வைத்தாள்,
மூன்று பேருக்கு.