மணிக்கட்டின் உயரம்

செவ்வாய் பின்னேரம் மூன்றரை.
டைக் வீதித் தேவாலய மண்டபத்துப் பியானோ
கடற்காற்றைக் குடித்துக் குடித்து
நடு சி-க்குப் பக்கத்துக் கட்டை
அழுத்தினால் எழும்பாது.
நான்தான் நகத்தால் கிளப்பிவிட வேண்டும்.

என்னிடம் ஆறு பிள்ளைகள், பன்னிரண்டு கைகள்.
ஜெனோசனின் பெருவிரல்
பஸ் மிதிபலகையில் தொங்குகிறவனைப்போலக்
கட்டைக்கு வெளியே நிற்கும்.
"உள்ளுக்கு வா" என்பேன், அவனிடமில்லை, விரலிடம்.
சுஹைதாவின் சின்னவிரல்
வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல்
எந்நேரமும் நிமிர்ந்து பார்க்கும்.
மற்றவர்களுக்கு நுனி மூட்டு உள்ளே மடிந்துபோகும்,
மழையில் நனைந்த அட்டைப்பெட்டியாய்.

தோடம்பழம் ஒன்று கைக்குள் இருக்கு என்று நினை.
நசுக்காதே. விழவும் விடாதே.
இதை ஒரு பின்னேரத்தில் எத்தனை தரம் சொல்கிறேனென்று
சுஹைதா ஒருமுறை எண்ணிச் சொன்னாள்:
முப்பத்தொன்று.

கபிஷ்னாவின் சிக்கல் வேறு.
மணிக்கட்டு மேலே, விரல்கள் நேர் கீழே,
சேற்றில் மீன் குத்தும் கொக்கு.
சுரம் பிழைக்காது, தாளம் பிழைக்காது.
ஆனால் ஒவ்வொரு ஒலியும்
குத்துப்பட்டுத்தான் வெளியே வரும்.

புறங்கையில் இரண்டு ரூபாய்க் குத்தி வைத்தேன்.
விழுந்தது.
மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினேன்.
பிடித்திருக்கும்வரை தாழ்ந்திருந்தது.
கொப்பியில் சிவப்பு மையால் எழுதினேன்: மணிக்கட்டு!
அடுத்த கிழமை: மணிக்கட்டு!!
அதற்கடுத்த கிழமை எழுதியதைச்
சொல்ல வெட்கமாயிருக்கிறது:
வீட்டில் பயிற்சி இல்லை.

பழகாத பிள்ளையின் கை
கிழமைக்குக் கிழமை வேறு பிழை விடும்.
ஒரே பிழையை ஒரே மாதிரி விட
மணிக்கணக்காய்ப் பழகியிருக்க வேண்டும்.
இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கொப்பியோடு தகப்பன் வந்தார்.
சீனன்குடாவில் ஐஸ் ஏற்றுகிறவர்,
சேட்டின் முன்பக்கம் இன்னும் ஈரம்.
"இவள் வாசிக்கிறாள் மிஸ்.
கரண்ட் போனாலும் வாசிக்கிறாள், சத்தமில்லாமல்."

கீபோட்டை எதில வைச்சிருக்கிறீங்கள்?
"மீன் பெட்டியில. ரெஜிபோம் பெட்டி."
கதிரை?
"சாப்பாட்டு மேசைக் கதிரை."

நான் என் கதிரையில் இருந்தபடியே
முழங்காலுக்கு அருகே காற்றில் கை வைத்து
ஒரு வரி வாசித்துப் பார்த்தேன்.
என் மணிக்கட்டு தானாக ஏறியது.
விரல்கள் நேர் கீழே.
கொக்கு.

அவர் மன்னிப்பு எதுவும் எதிர்பார்க்கவில்லை.
"எவ்வளவு உயர்த்த வேணும்?" என்றார்.
கபிஷ்னாவை இருத்தி முழங்கைக்கு நேரே
என் கையை நீட்டிக் காட்டினேன்.
மனதுக்குள் பெட்டியின் உயரத்தைக் கழித்து
மிச்சத்தை விரலால் அளந்தார்:
ஒரு சாண், நாலு விரல்.
விரித்த சாணை மடக்காமல்
மோட்டார்சைக்கிள்வரை நடந்து போனவர்,
ஒற்றைக் கையால் ஓட்ட முடியாதென்று
தனக்குள் சிரித்து
பெருவிரலை மடக்கிக்கொண்டார்.

சிவப்பு வரியை அழித்தேன்.
மை மறுபக்கம்வரை ஊறியிருந்தது.

இந்தச் செவ்வாய் இரண்டு பெட்டிச் செவ்வாய்.
மெதுவான இடங்களில் மணிக்கட்டு இறங்கிவிட்டது.
வேகம் வந்ததும் பழைய உயரம் தேடி ஏறுகிறது.
ஏறட்டும். கைக்கும் ஞாபகம் இருக்கிறது,
அதை அதட்டி மறக்கவைக்க முடியாது.
குத்தி ஏழாவது பார் வரை இருந்தது.
பிறகு சறுக்கி, உருண்டு,
கடைசிக் கட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள
வெடிப்புக்குள் போய்விட்டது.
நிறுத்தாமல் கண்ணால் மட்டும் கேட்டாள்.
போகட்டும், வாசி.

இப்போது அந்தக் கோடியில் பலமாக அடித்தால்
உள்ளே கிலுங்குகிறது.
ஜெனோசன் வேண்டுமென்றே அடிக்கிறான்,
திரும்பத் திரும்ப, கை முழுவதையும் போட்டு.
ஏசத்தான் எழும்பினேன்.
பெருவிரல் உள்ளே இருந்தது.