பை இல்லாத மெஷின்

டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
காட்சிக்கு வைத்திருந்த பீஸ் அது.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய், பில் கிடையாது.
"பை மாத்துற செலவே இல்லக்கா" என்றான் பையன்.
மறுநாளே மூடிக் கொக்கி உடைந்தது.
ரசம் பார்சலில் வந்த ரப்பர் பேண்டுகள் இரண்டு
அதன் வாயைக் கட்டிவைத்திருக்கின்றன.

ஞானஒளிவுபுரத்தில் மாடி வீடு.
ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து:
பிராணிகள் வளர்க்கக் கூடாது.
கையெழுத்துப் போட்டபோது என்னிடம் எதுவும் இல்லை.
மாட்டுத்தாவணி பார்சல் ஆபீசில் மழைக்கு ஒதுங்கிய ஒன்றும்
அதைத் துரத்தி வந்து
துரத்த மறந்துபோன இன்னொன்றும்
பிற்பாடு சேர்ந்தவை.
பூனைக்குப் பொட்டலம் என்று பெயர்.
நாய்க்கு மேனேஜர்.
குரைக்கத் தெரியாது;
அந்த வகையில் எங்கள் மேனேஜரைவிட மேல்.

ஐந்தாம் தேதி வாடகைக்கு
அமலோற்பவம் டீச்சர் படியேறுவார்.
நான்காம் தேதி ராத்திரி நான் மெஷினை எடுப்பேன்.

சத்தம் என்னவோ பிளேன் ஏறுகிற சத்தம்.
இழுவை மட்டும் சளி பிடித்த மூக்கு.
மேனேஜர் பாத்ரூமுக்குள் போய்
பக்கெட்டுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொள்வான்.
பொட்டலம் வயர் மேலேயே உட்காரும்.
கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து
ஒரே இடத்தை ஏழு தடவை தேய்த்தால்
எட்டாவதில் கொஞ்சம் வரும்.
பிரஷில் சுற்றிய முடியைக் கத்தரியால் அறுக்கவேண்டும்.
நீளமாகச் சிக்குவது என் முடி.
அவர்கள் இருவருடையதும்
சண்டையில்லாமல் ஒரே திரியாகத் திரிந்திருக்கும்.

பை இருந்தால் முடிச்சுப் போட்டுக்
குப்பை வண்டியில் எறிந்திருக்கலாம்.
இதில் எல்லாம் தெரிகிறது.
ஒளிக்க வாங்கிய சாமானுக்கு
உடம்பெல்லாம் கண்ணாடி.

நடுராத்திரி மொட்டைமாடியில்
மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு கொட்டுவேன்.
வைகைப் பக்கக் காற்று
பாதியை என் நைட்டிக்கே திருப்பித் தரும்.
ஃபில்டரைத் தொட்டிச் சுவரில் தட்டுவேன்.
மடிப்புக்குள் இருப்பது மடிப்புக்குள்ளேயே இருக்கும்.

டிசம்பரில், ஐந்தாம் தேதி இல்லாத ஒரு நாளில்,
டீச்சர் வந்து நின்றார்.
"குடில் வைக்கணும், வீடெல்லாம் தூசி.
அந்தக் கத்துற மெஷினக் குடேன் ரெண்டு நாளைக்கு."
கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு
இதோ டீச்சர் என்றேன்.
கிண்ணத்தை மூன்று தண்ணீரில் கழுவினேன்.
ஃபில்டரை மறந்தேன்.
படியில் அவர் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

இரண்டு நாள் கீழே சத்தம் கேட்டது.
மூன்றாம் நாள் வாசலில் மெஷின்,
மேலே ஒரு தட்டு அச்சு முறுக்கு.
ரப்பர் பேண்டுகள் புதிது, மூன்று.
கிண்ணத்தை அவர் கொட்டவில்லை.

வைக்கோல். நட்சத்திரத்திலிருந்து உதிர்ந்த ஜிகினா.
ஒரு மாத்திரை.
தினை உமி, நிறைய.
அதற்குள், நகத்தளவில், இளநீலத்தில்
பதினொரு இறகுகள்.
எண்ணினேன்.

பின்னறை ஜன்னல் ஏன் எப்போதும் சாத்தியே இருக்கிறது என்றும்,
பையில் பார்த்த தினைப் பாக்கெட்
சர்க்கரைக்காக இல்லை என்றும்
படியிலேயே உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.
ஃபில்டரை உருவிப் பார்த்தேன்.
சோப்பு வாசனை.
ஒவ்வொரு மடிப்பையும் யாரோ
பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

ஜனவரி ஐந்து.
டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து
எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்.
பாத்ரூமில் மேனேஜர் தும்மினான்.
நோட்டிலிருந்து தலை நிமிராமல்
"மோட்டார் போட்டுருக்கியா?" என்றார்.
"ஆமா டீச்சர்."
"ஓடட்டும்."
கீழேயிருந்து கீச்சென்று ஒரு குரல், பிறகு இன்னொன்று.
"கீல்ல எண்ணெய் விடணும்" என்றார்.
"ஆமா டீச்சர்" என்றேன் அதற்கும்.

மெஷின் இப்போது
படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நிற்கிறது.
யார் முறை, யார் கொட்டுவது
என்று பேசிக்கொள்ளவில்லை.
இழுவை முன்னைவிட மோசம்.