ங்

சோமனூரில் எங்கள் தறிக் குடோனில்
பதினாறு தறி. ஓடும்போது
பக்கத்திலிருப்பவன் அலறினாலும் கேட்காது.
எல்லாம் சைகைதான்.
இரண்டு விரல் என்றால் தார் தீர்ந்தது,
உள்ளங்கையை வெட்டினால் பாவு அறுந்தது,
கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ.
இதில் பெரியவன் சின்னவன் கிடையாது.
ஓனரும் அதே விரலைத்தான் நீட்டுவார்.

கரண்டு போனால்தான் எங்களுக்கு வாய் முளைக்கும்.
வாயோடு அந்த ஒற்றெழுத்தும்.

ஆமாங், இல்லீங், வந்துட்டுப் போங்.
கொங்குப் பேச்சு தேன் என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
நானும் சிரித்துக்கொள்வேன்.
நான் இங்கே கணக்கு எழுதுகிறவன்.
யாருக்கு எத்தனை மீட்டர், யாருக்கு எவ்வளவு முன்பணம்.
எழுதாத கணக்கு ஒன்றும் தெரியும்:
ஓனருக்கு வாக்கியத்துக்கு இரண்டு ங்,
மேஸ்திரிக்கு ஒன்று,
ஓனரின் ஆறு வயசுப் பேரனுக்கும் ஒன்று,
பஞ்சு கூட்டி அள்ளும் ஆறானுக்கு
இல்லை.

ஆறானுக்கு ஐம்பத்தெட்டு வயசு.
ரேஷன் கார்டில் ஆறுச்சாமி.
சாமியை யார், எந்த வருஷம் எடுத்தார்கள் என்று
என் நோட்டில் பதிவில்லை.
எடுத்த கை எதுவும் தென்படாமலே
எடுபட்டுக் கிடக்கிறது.
எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.
அந்த எழுத்து எங்கே நிற்கணும், எங்கே விழணும் என்று
பால்பல் விழுமுன்னே
நாக்கு படித்துவிட்டது.

பேப்பர் கப் வந்தபோது
"ரெண்டு டம்ளர் காலமெல்லாம் போச்சுங்" என்றார் டீக்கடைக்காரர்.
உண்மைதான்.
குடித்ததும் எல்லாரும் கசக்கி எறிகிறோம்.
கழுவ எதுவும் மிச்சமில்லை.

பிரபுல்லா கேந்திரபாராவிலிருந்து வந்தவன்.
பாதியில் நறுக்கி நாங்கள் பிரபு ஆக்கினோம்.
மளிகைக் கடையில், பஸ்ஸில்
எங்கள் மொழியைப் பொறுக்கிச் சேர்த்தான்.
கடைசியில் ஒரு ங்க வைத்தால்
எதுவும் தமிழாகிவிடும் என்று முடிவுகட்டியிருந்தான்.
தறியிடம் நில்லுங்க என்பான்.
பூனையிடம் போங்க.

அன்று பதினொரு மணிக்குக் கரண்டு போச்சு.
காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்க
டீப் போசியோடு வந்த பிரபு
முதல் கப்பை நீட்டினான்:
"ஆறண்ணா, எடுத்துக்குங்க."

கூரைத் தகரம் வெயிலில் ஒருமுறை டப்பென்றது.
பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல்
ஆறான் திரும்பிப் பார்த்தான்.
பார்த்தார்.
இப்போதும் கை அப்படித்தான் போகிறது.

மேஸ்திரி சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை,
பிரபுவுக்குக் காய்ச்சல் கண்டபோது
தர்மாஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்.
"அவனுக்கெல்லாம் எதுக்குடா ங்க?" என்றார்,
எழுத்துப்பிழை திருத்துகிற மாதிரி.

பிரபு கேட்டான்:
"ஏனுங்க?"

எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை.
ஆளைக் கூப்பிடும் சத்தம்.
பெண்டாட்டி புருஷனை, கடைக்காரர் வழிப்போக்கரை,
ஏன் ஏன் என்றே கூப்பிட்டுக்கொள்கிறோம்,
திரும்பிப் பார்க்கிறோம்,
காரணம் யாரும் சொன்னதில்லை.
மேஸ்திரியும் திரும்பினார். "என்னடா?"
இவனோ நிஜமாகவே கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கிறான்.

கரண்டு வந்துவிட்டது.

ஒரே மாதத்தில் பிரபு தேறிவிட்டான்.
"ஆறான், இங்க கூட்டு" என்று
பிசிறில்லாத சோமனூர்த் தமிழில் சொன்னான்.
மேஸ்திரி தோளில் தட்டினார்.

சனிக்கிழமை கூலி தரும்போது
நானும் சொல்லிப் பார்த்தேன்.
"வாங்க ஆறுச்சாமி, உட்காருங்க."
பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது.
ஓடட்டும் என்று காத்திருந்துதான் சொன்னேன்.
அவர் காதைத் தொட்டுக் கையை விரித்தார்.
கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.
ஆறான் என்று நான் எழுதியிருந்ததற்கு எதிரே
ஆறுச்சாமி என்று எழுதினார்,
நிதானமாக,
நடுவிலிருக்கும் ஒற்றுக்கு
மறக்காமல் புள்ளி வைத்து.