ஏழாம் பிரிவு

பதினோரு மாதம் எழுதினோம் அந்த ஒரு வாக்கியத்தை:
கோபுரம் வைத்திருப்பவர், கேட்டு வருபவருக்கு
நியாயமான வாடகையில் இடம் தர வேண்டும்.
பிஷ்கெக்கில், நான்காம் மாடியில்,
வெப்பக்குழாய் இரவெல்லாம் இருமும் அறையில்.

பழைய நிறுவனத்தின் வழக்கறிஞர் தெமிர்பெக்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
நியாயம் கிலோ என்ன விலை, அம்மணி?
மலைமேல் இரும்பைச் சுமந்தது எங்கள் கழுதை.
பனியில் இரண்டு விரல் போனது எங்கள் ஆளுக்கு.
நேற்று வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு
எங்கள் அடுப்பில் குளிர்காய்வானா?

எனக்குக் கோபம் வந்தது.
அந்த விரல்கள் நிஜம் என்பதால்
கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

முத்திரை குத்தினோம்.

இரண்டு குளிர்காலம் கழித்து ஆய்வுக்குப் போனேன், நாரின் பக்கம்.
பள்ளத்தாக்குக்கு ஒரே கோபுரம்.
அதில் இரண்டு நிறுவனத்தின் வெள்ளைத் தட்டுகள்,
ஒரே பந்தியில் உட்காரவைத்த
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போல
ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு.

பெட்ரோல் பங்க் கனிஷாய் ரசீதுகளைக் காட்டினாள்.
நிமிடம் ஏழு சோம் இருந்தது,
இப்போது ஒன்றுகூட இல்லை.
கசானில் கட்டட வேலை செய்யும் கணவனோடு முன்பெல்லாம்
சாப்பிட்டாயா, பணம் வந்தது, வைக்கிறேன்.
காசுக்குப் பயந்த சமாதானம்.
இப்போது தாராளமாகச் சண்டை போட முடிகிறது,
அரை மணி நேரம், அழுகை உட்பட.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
‘நுகர்வோர் நலன்: மேம்பாடு’ என்று நிரப்பினேன்.

அங்கேயே திரும்பியிருக்கலாம்.
ஓட்டுநர்தான் சொன்னான்,
கணவாய்க்கு அந்தப் பக்கமும் ஓர் ஊர் இருக்கிறது என்று.

அங்கே ஒரு கான்கிரீட் மேடை.
மேடையில் நான்கு போல்ட்டுகள்
எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் சுற்றி,
வராத கோபுரத்துக்காக வானத்தைப் பார்த்து.
நடுவில் ஓர் ஆடு, இறங்க மனமில்லாமல்.

உங்கள் ஏழாம் பிரிவுக்குப் பின் யாருக்காகக் கட்டுவது
என்று எழுதியிருந்தது பழைய நிறுவனம்.
கட்டும் எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை,
புகைப்படத்துக்குப் போட்ட அஸ்திவாரம்
என்று எழுதியிருந்தது புதியது.
இரண்டு கடிதமும் என் பையில்,
ஒன்றின் மேல் ஒன்று, கசங்காமல்.

ஈரம் காய்வதற்குள் யாரோ குச்சியால் கீறிய தேதி
மேடையில் இருந்தது: அக்டோபர் ஒன்பது.
எங்கள் ஆணைக்கு இருபத்திரண்டு நாள் முன்பு.
குனிந்து இரண்டு முறை படித்தேன்.
அது இருவருக்கும் சாட்சி சொல்லும்.

தாதி பூபுசாரா ஒரு சரிவைக் காட்டினாள்.
பிரசவம் சிக்கலானால் அங்கே ஏறித்தான்
ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்,
உச்சியில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.
இரண்டு முறை நேரத்துக்கு ஏறிவிட்டேன் என்றாள்.
மூன்றாவதைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவள்தான் கேட்டாள்:
உங்கள் பிரிவுக்கு மலை ஏறத் தெரியுமா?

தொலைபேசியை எடுத்தேன், மேலதிகாரியிடம் சொல்ல.
சிக்னல் இல்லை.
சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எட்டாம் பிரிவின் வரைவு இப்போது என் மேசையில்:
முதலில் கட்டுபவருக்கு, ஆளில்லாத மலைகளில்,
நியாயமான காலத்துக்குத் தனியுரிமை.
எத்தனை ஆண்டு?
எத்தனை பேர் இருந்தால் ஒரு மலை ஆளில்லாதது?
தெமிர்பெக் இந்த முறை கனிவாகப் பேசுகிறார்,
அதுதான் பயமாக இருக்கிறது.

‘நியாயமான’ என்பதை அடித்தேன்.
வேறு சொல் தேடினேன், விடியும்வரை.
மறுபடி அதையே எழுதினேன்.